புதுப்பிப்பு: அண்ணனின் குடிநோய்க்குத் தங்கும் சிகிச்சையா, போய்வரும் சிகிச்சையா?

தினமும் குடிக்கும் அண்ணனை நேராக மறுவாழ்வு மையத்தில் சேர்க்கலாமா, வீட்டிலேயே நிறுத்த வைக்கலாமா என்று மூன்று மாதத்துக்கு முன் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"வீட்டில் சட்டென்று நிறுத்த வைக்காதீர்கள், முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்" என்ற பதில்தான் எங்களைக் காப்பாற்றியது. பல வருடம் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாளில் மனம் குழம்பி, இல்லாத உருவங்கள் தெரியலாம், உயிருக்கே ஆபத்து. இரண்டாம் நாள் அண்ணனால் தண்ணீர் டம்ளரைக்கூட வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை, அவ்வளவு நடுக்கம். மருத்துவமனையில் இருந்ததால் மருந்தும் தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் கொடுத்து 6 நாளில் தேற்றிவிட்டார்கள்.

அப்புறம் 28 நாள் மையத்தில் தங்கினார். அது நல்லபடியாகவே போனது.

எதிர்பாராதது அதற்குப் பிறகுதான். அங்கே நன்றாகத் தூங்கியவர் வீட்டுக்கு வந்ததும் விடிய விடிய விழித்திருந்தார். வாரம் 3 நாள், தலா 3 மணி நேரம் போய்வரும் சிகிச்சை ஏற்பாடாகியிருந்தது. இரண்டாம் வாரம் ஒரு நாள் குடித்துவிட்டார். எல்லாம் போச்சு என்று அம்மா அழுதார். ஆலோசகரோ மறுபடி தங்கச் சொல்லவில்லை. வாரம் 5 நாளாகக் கூட்டினார். மருத்துவர் கல்லீரலைப் பரிசோதித்துவிட்டு குடிக்கும் ஆசையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன் மாத்திரை எழுதினார். அன்றிலிருந்து 5 வாரமாகக் குடிக்கவில்லை.

சேர்க்கும் நாளிலேயே, வெளியே வந்தபின் எங்கே, வாரம் எத்தனை நாள் என்று மையத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.