ரவுட்டரை ஆஃப் பண்ணும் முன்னால்: நெட் கட் ஆகிக்கொண்டே இருந்த வீடுகளின் அனுபவங்கள்

வீட்டு கம்ப்யூட்டரில் நெட் திடீர் திடீரென்று கட் ஆகி, தானாகவே திரும்பி வரும் தொல்லை உங்களில் பலருக்கு இருந்திருக்கும். கடைசியில் என்ன காரணம் என்று தெரிந்தது, அதை எப்படிப் பிடித்தீர்கள் என்று எழுதுங்கள். முதலில் என்னுடையதைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு வைஃபையில் ஓடும் லேப்டாப். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும், வீடியோ காலில் எதிரில் இருப்பவர் முகம் அப்படியே நின்றுவிடும், திரையின் மூலையில் வைஃபை அடையாளம் போய் உலக உருண்டை வரும், ஒரு நிமிடம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி வேலை செய்யும். கேட்டவர்கள் எல்லோரும் சொன்ன வைத்தியம் ஒன்றுதான், ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய். செய்தால் சரியாகிவிடும், சிக்கலே அங்கேதான். ஆஃப் செய்ததும் நிறைய ரவுட்டர்களில் லாக் (நடந்ததைக் குறித்து வைக்கும் பதிவு) அழிந்துபோகும், எவ்வளவு நேரமாக ஓடிக்கொண்டிருக்கிறது என்ற கணக்கு பூஜ்யத்துக்கு வந்துவிடும், கம்ப்யூட்டர் புதிதாக ஐபி முகவரி வாங்கிக்கொள்ளும், வைஃபை வேறு சேனலுக்கு, அதாவது வேறு அலைவரிசைக்குப் போயிருக்கும். இத்தனையும் ஒரே நேரத்தில் மாறினால் எது மாறியதால் நெட் வந்தது என்று யாரால் சொல்ல முடியும்? அதனால் நான் யாருக்கும் சொல்வது இதுதான்: நெட் போன அந்த நிமிடம் பொன்னானது, அப்போது எதையும் ஆஃப் செய்யாமல் எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்று பாருங்கள்.

பார்ப்பதற்குத் தனியாக எதுவும் வாங்க வேண்டாம், பிங் போதும். மைக் மூஸ் என்பவர் 1983 டிசம்பரில், தன்னுடைய நெட்வொர்க் ஏன் தாறுமாறாக நடந்துகொள்கிறது என்று பார்ப்பதற்காகவே எழுதிய சின்ன புரோகிராம் அது, ஒரு முகவரிக்குக் குட்டிச் செய்தி அனுப்பி பதில் வருகிறதா என்று பார்க்கும், இன்றைக்கும் அதைவிட நேரடியான கருவி எனக்குத் தெரிந்து இல்லை. விண்டோஸில் கட்டளை அடிக்கும் கமாண்ட் பிராம்ப்ட்டை இரண்டு ஜன்னல்களாகத் திறந்து, ஒன்றில் ரவுட்டரின் முகவரிக்கும் (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1, ஐபிகான்ஃபிக் என்று அடித்தால் டிஃபால்ட் கேட்வே என்ற வரியில் இருக்கும்), இன்னொன்றில் கூகுளின் 8.8.8.8க்கும் பிங் போட்டு, கடைசியில் ஒரு சின்னக் கோடும் டி எழுத்தும் சேர்த்து ஓடவிடுங்கள். நீங்களாக நிறுத்தும்வரை விநாடிக்கு ஒரு வரி வந்துகொண்டே இருக்கும். நெட் போகும்போது இரண்டு ஜன்னலிலும் பதில் நின்றால் கோளாறு கம்ப்யூட்டருக்கும் ரவுட்டருக்கும் நடுவில், அல்லது ரவுட்டரிலேயே. ரவுட்டர் பதில் சொல்லிக்கொண்டிருக்க 8.8.8.8 மட்டும் நின்றால் ரவுட்டருக்கு அந்தப் பக்கம். இரண்டும் ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில் இருக்க வாய்ப்பு அதிகம். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும், தளத்தின் பெயருக்கு பிங் ஓடவிட்டு டிஎன்எஸ்ஸைச் சோதிக்க முடியாது. ஆரம்பத்தில் ஒரே ஒரு முறை எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு அதன்பிறகு அந்த எண்ணுக்கே போய்க்கொண்டிருக்கும். நெட் போன நேரத்தில் புதிதாக ஒரு பெயரைப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

எனக்கு ரவுட்டர் ஜன்னலே நின்றது. அதே நேரத்தில் அதே வைஃபையில் இருந்த போனில் எல்லாம் ஓடியது. ஆக ரவுட்டர்மேல் பழி இல்லை, லேப்டாப்தான். விண்டோஸில் பலருக்குத் தெரியாத ஒரு வசதி உண்டு, கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து நெட்எஸ்ஹெச், டபிள்யூலான், ஷோ, டபிள்யூலான்ரிப்போர்ட் (netsh wlan show wlanreport) என்று இடைவெளி விட்டு அடித்தால், கடந்த மூன்று நாட்களில் வைஃபை எப்போது இணைந்தது, எப்போது விட்டது, என்ன காரணம் சொன்னது என்று வரைபடத்தோடு ஒரு அறிக்கை வரும். அதில் பார்த்தபோது, துண்டிப்பு எல்லாமே நான் சும்மா எதையாவது படித்துக்கொண்டிருந்த நேரங்களுக்கும், கால் நடுவே யாரும் பேசாமல் இருந்த இடைவெளிகளுக்கும் பக்கத்திலேயே கூடி நின்றன. டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டரின் பிராபர்ட்டீஸ், அதில் பவர் மேனேஜ்மென்ட். மின்சாரத்தை மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை அணைத்துக்கொள்ளலாம் என்று ஒரு டிக் இருக்கும், அதை எடுத்துவிட்டேன். உடனே பெருமளவு குறைந்தது. மிச்சம் இருந்தது லேப்டாப் தயாரிப்பாளர் தளத்திலிருந்து டிரைவரை (அடாப்டரை இயக்கும் மென்பொருளை) எடுத்துப் போட்டதும் போய்விட்டது. சில புதிய லேப்டாப்களில் அந்த பவர் மேனேஜ்மென்ட் பக்கமே இருக்காது, அங்கே நேராக டிரைவருக்குப் போங்கள்.

அப்புறம் இன்னொன்று. டிரைவர் மாற்றிய பிறகு ஷட் டவுன் கொடுத்துவிட்டு மறுபடி ஆன் செய்வதைவிட ரீஸ்டார்ட் கொடுப்பது நல்லது. விண்டோஸ் 8 காலத்திலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று இருக்கிறது, அது ஆன் ஆகியிருந்தால் ஷட் டவுன் முழு ஷட் டவுன் இல்லை, சிஸ்டத்தின் நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு அதையே திரும்ப எடுக்கும். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கும்.

* * *

நல்ல தலைப்பு நண்பரே. என்னுடையது டெஸ்க்டாப், பின்பக்கம் குட்டி யூஎஸ்பி வைஃபை ஸ்டிக். நெட் போவதில் ஓர் ஒழுங்கு இருப்பதுபோலவும் இல்லாததுபோலவும் இருக்கும். இரவில் பேக்கப் எடுக்கும்போதெல்லாம் போகும், மற்ற நேரத்தில் எப்போதாவது. பேக்கப் நெட்டை இழுக்கிறது என்று நினைக்க வழியில்லை, ஏனென்றால் அது வெளியே போகும் பேக்கப் இல்லை, பக்கத்து போர்ட்டில் செருகியிருக்கும் ஹார்ட் டிஸ்க்குக்குப் போவது.

துப்பு கொடுத்தது மவுஸ். வயர்லெஸ் மவுஸ், டிஸ்க் ஓடும்போது அதுவும் விட்டு விட்டு நகர்ந்தது. வைஃபையும் மவுஸும் ஒரே நேரத்தில் தடுமாறினால் இரண்டுக்கும் பொதுவானது 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற ரேடியோ அலைப் பட்டைதான். தேடிப் பார்த்தால் இன்டெல் நிறுவனமே 2012இல் இதைப் பற்றி ஒரு ஆவணம் வெளியிட்டிருக்கிறது. யூஎஸ்பி 3.0 கேபிளிலும் கனெக்டரிலும் டேட்டா 5 ஜிகாபிட் வேகத்தில் ஓடும்போது எழும் இரைச்சல் சரியாக அந்த 2.4 பட்டைக்குள்ளேயும் வந்து விழுகிறது, பக்கத்தில் இருக்கும் ரிசீவருக்கு அதைத் தாண்டி எதுவும் கேட்பதில்லை. சந்தைக்கூட்டத்துக்கு நடுவில் நின்று எதிர்க்கடைக்காரர் மெல்லச் சொல்வதைக் கேட்கப் பார்ப்பது மாதிரி. வைஃபை ஸ்டிக்கை ஒரு எக்ஸ்டென்ஷன் கேபிளில் போட்டு மேஜைமேல் கொண்டுவந்தேன், அவ்வளவுதான். டிஸ்க் ஓடுகிறது, நெட்டும் ஓடுகிறது. ஸ்டிக்கில் 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் அதற்கு மாறுவதும் தீர்வுதான், என்னுடையதில் இல்லை.

* * *

வைஃபைதான் எப்போதும் வில்லன் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டில் கம்ப்யூட்டருக்கு லேன் கேபிள், அதனால் கேபிள்மேல் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. பிங்கில் ரவுட்டர் பதில் நின்று நின்று வந்தது. அடாப்டரின் ஸ்டேட்டஸைத் திறந்து பார்த்தால் வேகம் என்ற இடத்தில் 100 எம்பிபிஎஸ் என்று காட்டியது. ரவுட்டர், கம்ப்யூட்டர் இரண்டுமே ஜிகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ் வரை போகக்கூடியவை. இது பெரிய தடயம். கேபிளுக்குள் எட்டு கம்பிகள், நான்கு ஜோடி. ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும், 100க்கு இரண்டு ஜோடி போதும், 1, 2, 3, 6 ஆகிய நான்கு பின்கள். ஒரு ஜோடி போனால் பல கார்டுகள் சத்தம் போடாமல் 100க்கு இறங்கி ஓட்டிக்கொண்டிருக்கும். மிச்சம் இருக்கும் கம்பியும் தொட்டும் தொடாமலும் இருந்தால் அறுந்து அறுந்து வரும்.

கேபிள் மேஜைக்குக் கீழே நாற்காலிச் சக்கரம் ஏறி இறங்கும் வழியில் கிடந்தது. வெளியே பார்த்தால் ஒரு கீறல்கூட இல்லை, விரலால் தடவிக்கொண்டே போனால் ஓர் இடத்தில் மட்டும் தட்டையாகக் கைக்குத் தெரிந்தது. அந்த இடத்தை லேசாக வளைத்தேன், போர்ட்டில் இருந்த விளக்கு அணைந்தது. விட்டேன், எரிந்தது. அதற்குமேல் எந்த செட்டிங்ஸையும் திறக்கத் தேவை வரவில்லை.

கேபிள் முனையில் இருக்கும் பிளாஸ்டிக் நாக்கு உடைந்திருந்தாலும் இதே கதைதான், செருகியதுபோல இருக்கும், மேஜை ஆடினால் விடும். எல்லாவற்றுக்கும் முன்னால் கேபிளை மாற்றிப் பார்த்துவிடுங்கள், இரண்டு நிமிட வேலை.

* * *

எனக்குக் கோளாறு ரவுட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் பவர் அடாப்டரில். சுருக்கமாகச் சொல்கிறேன். ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்துக்குள் போய் அப்டைம் (எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்ற கணக்கு) பார்த்தால் ஒரு மணி நேரம்கூட இல்லை, யாரும் அதைத் தொடவே இல்லை. அதாவது தானாகவே ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்தது. 12 வோல்ட் அடாப்டர் பழசாகி, வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் நெட்டை இழுக்கும்போது தாக்குப்பிடிக்காமல் வோல்டேஜ் இறங்கியிருக்கிறது. புதிது வாங்கும்போது வோல்ட் அதேதான் இருக்க வேண்டும், ஆம்பியர் அதே அளவோ கூடவோ இருக்கலாம், பிளஸ் மைனஸ் எந்தப் பக்கம் என்ற படத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மேலே சொன்னது முழுக்க உண்மை, நான் ஆரம்பத்திலேயே ஆஃப் பண்ணி ஆன் பண்ணியிருந்தால் அந்த அப்டைம் எனக்கு எதையுமே சொல்லியிருக்காது.

* * *

5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுவதும் தீர்வுதான் என்று மேலே ஒருவர் சொன்னார், சரிதான், ஆனால் அங்கேயும் ஒரு பள்ளம் இருக்கிறது, நான் விழுந்தேன். அந்தப் பட்டையில் 52லிருந்து 144 வரையிலான சேனல்கள் பல நாடுகளில் ரேடாரோடு பகிர்ந்துகொள்ளும் சேனல்கள். ரேடார் சமிக்ஞை கேட்டால் ரவுட்டர் உடனே அந்த சேனலைக் காலி செய்தாக வேண்டும், அது விதி. புதிதாகப் போகும் சேனலும் அதே வகை என்றால், பேசுவதற்கு முன் குறைந்தது 60 விநாடி சும்மா இருந்து காது கொடுத்துக் கேட்க வேண்டும். என் வீட்டில் நெட் போனால் வரவும் கிட்டத்தட்ட அதே ஒரு நிமிடம்தான் ஆகும். வீட்டில் உள்ள எல்லா 5 கிகா சாதனங்களும் ஒன்றாகப் போகும், பழைய 2.4 பிரிண்டர் மட்டும் போகாது. ரவுட்டர் லாகில் ரேடார் என்ற சொல்லையே பார்த்தேன். சேனலை ஆட்டோவிலிருந்து எடுத்து 36 என்று நிறுத்தி வைத்தேன், 36, 40, 44, 48 நான்கும் இந்தத் தொல்லை இல்லாதவை. அன்றோடு நின்றது.

2.4லேயே இருக்க வேண்டியவர்கள் 1, 6, 11 இந்த மூன்றில் ஒன்றை வையுங்கள். நடுவில் 3, 8 என்று வைத்தால் இரண்டு பக்கத்து வீட்டோடும் மோதும்.

* * *

என் ஐபி 169.254 என்று ஆரம்பிக்கிறது, இது நெட் போகும்போது மட்டும். இது என்ன வகை?

* * *

அது ரவுட்டர் கொடுத்த முகவரி இல்லை. டிஹெச்சிபி (சாதனங்களுக்குத் தானாக முகவரி கொடுக்கும் முறை) மூலம் முகவரி கேட்டு யாரும் பதில் சொல்லாததால் கம்ப்யூட்டர் தானாகவே வைத்துக்கொண்டது, அதை வைத்து வெளியே போக முடியாது. வைஃபை இணைந்திருப்பதுபோலக் காட்டும், ஆனால் ஒன்றும் நடக்காது. வீட்டில் பழைய ரவுட்டர் ஒன்றை சிக்னலுக்காக இன்னொரு அறையில் வைத்திருக்கிறீர்களா? அதிலும் டிஹெச்சிபி ஆனில் இருந்தால் இரண்டு பேர் முகவரி கொடுக்கப் போட்டி போடுவார்கள், ஒரே எண் இரண்டு சாதனங்களுக்குப் போய்விடலாம். எங்கள் வீட்டில் பிரிண்டருக்குக் கையால் போட்ட ஒரு நிலையான எண்ணையே ரவுட்டர் கம்ப்யூட்டருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தது, பிரிண்டரை ஆன் செய்தால் நெட் போகும். இப்போதெல்லாம் எந்தச் சாதனத்திலும் கையால் எண் போடுவதில்லை, ரவுட்டரிலேயே அந்த பிரிண்டருக்கு ஒரு எண்ணை ஒதுக்கி வைத்துவிடுகிறேன்.

* * *

இரண்டாவது ரவுட்டர் இருந்தது அண்ணா. அதில் டிஹெச்சிபியை ஆஃப் செய்துவிட்டேன், அதன் சொந்த முகவரியையும் மாற்றினேன், இரண்டுமே 192.168.1.1 ஆக இருந்தன. நேற்று முழுக்க பிங் ஓடவிட்டிருந்தேன், ஒரு வரிகூட விடவில்லை. நன்றி.

* * *

கம்பெனிக்கு போன் செய்தே தீர வேண்டிய வகையையும் யாராவது சொல்ல வேண்டும். எனக்கு ரவுட்டர் பிங் அருமையாக ஓடும், 8.8.8.8 மட்டும் நிற்கும், ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக மினுக்கிவிட்டுப் போகும். ஒளியே வந்து சேரவில்லை என்று அர்த்தம். இதற்கு விண்டோஸில் எதைத் தட்டினாலும் பலன் கிடையாது. ஆனால் வாடிக்கையாளர் சேவையில் பேசுபவர் முதலில் ரவுட்டரை ஆஃப் செய்யச் சொல்வார், அது அவருக்குக் கொடுத்திருக்கும் வரிசை, அவரைக் கோபித்துப் பயனில்லை. நான் ஆஃப் செய்வதற்கு முன்பே போனில் விளக்கைப் படம் எடுத்து வைத்திருந்தேன், நெட் போன நேரங்களை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன், பெட்டியின் செட்டிங்ஸ் பக்கத்தில் காட்டும் ஆப்டிகல் பவர் (வந்து சேரும் ஒளியின் பலம்) அளவையும் குறித்து வைத்திருந்தேன். ஜிபான் என்ற ஃபைபர் வகை இணைப்புகளில் வழக்கமான பெட்டிகளுக்கு மைனஸ் 27 டிபிஎம் வரைதான் கேட்கும் (மைனஸ் எண் பெரிதாக ஆக ஒளி பலவீனம்), எனக்கு அதைத் தொட்டும் தாண்டியும் ஊசலாடியது. இதைச் சொன்னதும் பேச்சு மாறியது, ரீஸ்டார்ட் பற்றி மறுபடி கேட்காமல் ஆள் அனுப்பினார்கள்.

வந்தவர் அலமாரிக்குப் பின்னால் ஃபைபர் மடங்கிக் கிடந்த இடத்தைக் காட்டினார். இறுக்கமாக மடங்கினால் அந்த வளைவிலேயே ஒளி வெளியே கசிந்துவிடும், அலமாரிக் கதவைச் சாத்தும்போது இன்னும் அழுந்தியிருக்கிறது. அதை விரித்துவிட்டு முனையில் கனெக்டரையும் புதிதாகப் போட்டார், அளவு மைனஸ் 20க்குப் பக்கத்தில் வந்து நின்றது. நீங்களாகவே ஃபைபரைக் கழற்றி அதன் முனையைக் கண்ணால் பார்க்காதீர்கள், உள்ளே வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர். கம்பியின் வளைவைத் தளர்த்தி விடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மற்றதை அவர்கள் வந்து செய்யட்டும்.