புதுப்பிப்பு: சீனப் பள்ளிக்குப் போகும் பேத்திக்கு வீட்டில் பழக்கியது

கிளிநொச்சியில் என்னோடு வளர்ந்த பேத்தியை, மகள் வசிக்கும் மலேசியாவின் கிள்ளானில் 7 வயதில் சீனத் தொடக்கப் பள்ளியில் சேர்க்கப்போகிறோம், வீட்டில் ஒருவருக்கும் அங்கே கற்பிக்கும் மாண்டரின் சீனம் தெரியாது, எப்படிப் பழக்குவது என்று முன்பு கேட்டிருந்தேன். பிள்ளை சேர்ந்துவிட்டாள். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது மணல் யோசனைதான். எத்தனை எழுத்து என்று எண்ணாமல் கோடு இழுக்கும் ஒழுங்கைப் பழக்குங்கள் என்று ஓர் அக்கா எழுதியிருந்தார்: மேலிருந்து கீழ், இடமிருந்து வலம், பெட்டியை மூடும் கோடு கடைசி. முற்றத்துக் குருமணலில் விரலால் எழுதினாள். சீன எண்களில் ஒன்று, இரண்டு, மூன்று எல்லாம் வெறும் கிடைக்கோடுகள்; பெட்டி வடிவான நான்கில்தான் சண்டை தொடங்கியது. காசு கொடுத்து வாங்கிய வண்ண அட்டைகளை அவள் திரும்பியும் பார்க்கவில்லை.

எதிர்பாராதது ஒன்று. குரலை ஏற்றி இறக்குவதில் சொல்லின் பொருளே மாறும் நான்கு தொனிகளுக்குத்தான் நான் பயந்தேன். அவை பாட்டாக வந்துவிட்டன. இடறியது மூச்சொலி. 'ப' போன்ற ஒலி அங்கே இரண்டு: ஒன்றில் காற்று வெடித்து வரும், மற்றதில் வராது. 'ட', 'க' வகையிலும் அப்படியே. உதட்டுக்கு முன்னால் மெல்லிய கடதாசித் துண்டைப் பிடித்துச் சொல்ல வைத்தோம். காற்று வரும் ஒலிக்குத் துண்டு ஆட வேண்டும், மற்றதற்கு ஆடக்கூடாது.

சீனப் பள்ளியானாலும் மலாயும் ஆங்கிலமும் அங்கே பாடங்கள். மலாய்க்கும் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள்.