2012 கம்ப்யூட்டருக்கு ரேமும் கிராபிக்ஸ் கார்டும்: போடலாமா, தண்டச் செலவா?

அம்பை ஸ்டுடியோ:
அம்பாசமுத்திரத்தில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறேன். ஐ5-3470 பிராசசர், எச்61 மதர்போர்டு, 4 ஜிபி டிடிஆர்3 ஒரே ரேம், விண்டோஸ் 10. எஸ்எஸ்டி ஏற்கெனவே போட்டாச்சு. போட்டோஷாப்பில் 12க்கு 36 அங்குல ஷீட்டைத் திறந்து பத்துப் பதினைந்து லேயர் ஏறினதும் அப்படியே நின்றுவிடுகிறது. ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் கேட்டால் கிராபிக்ஸ் கார்டு போடுங்க, பறக்கும் என்கிறார்கள். கையில் பத்தாயிரம்தான். தை முகூர்த்தத்துக்குள் சரியாகணும்.

பாளைக்காரன்:
தம்பி, கார்டை விடு, ரேமைப் போடு. 12க்கு 36 ஷீட் 300 டிபிஐ என்றால் 3600க்கு 10800 பிக்சல், முழு அளவு லேயர் ஒன்றே 115 எம்பிக்கு மேல் வரும், அதில் பதினைந்து வைத்துக்கொண்டு, விண்டோஸும் பிரவுசரும் தின்றது போக மிச்சமிருக்கிற இடத்தில் போட்டோஷாப் எங்கே போய் உட்காரும்? மீதியை டிஸ்கில் எழுதி எழுதி எடுக்கிறது, அதுதான் நிற்கிறது. எச்61 போர்டு 16 ஜிபி வரை தாங்கும், இரண்டு 8 ஜிபி போடு. விண்டோஸ் 64 பிட்தானா என்று மட்டும் முதலில் பார். 32 பிட் என்றால் எத்தனை போட்டாலும் 4 ஜிபியைத் தாண்டாது.

தென்காசிச் சாரல்:
அண்ணாச்சி, செத்த மாட்டுக்குத் தீவனம் வைக்கச் சொல்லுதியளே. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14-உடன் சப்போர்ட் முடிந்தது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற, இன்டெலில் எட்டாம் தலைமுறை வேண்டும், இது மூன்றாம் தலைமுறை. இன்றைக்கு வாங்குகிற டிடிஆர்3 அடுத்த போர்டில் ஏறவே ஏறாது. அந்தப் பத்தாயிரத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, ஆபீஸில் கழித்துவிட்ட எட்டாம் தலைமுறை சிஸ்டம் ஒன்றைப் பிடிக்கலாமே.

பாளைக்காரன்:
சேர்க்க அவருக்கு எங்கே நேரம்? முகூர்த்தம் தலைக்கு மேல் நிற்கிறது. 2025 கடைசியிலிருந்து, அந்த எட்டாம் தலைமுறைக்கு வேண்டிய டிடிஆர்4 ரேம் விலை போகிற போக்கைப் பார்த்தீர்களா? பழைய டிடிஆர்3 இரண்டு வாங்கினால் பத்தாயிரத்தில் பாதிகூட ஆகாது. பாதுகாப்பு பயம் என்றால் ஆல்பம் செய்கிற சிஸ்டத்தை நெட்டிலிருந்து கழற்றி வையுங்கள், தீர்ந்தது.

தென்காசிச் சாரல்:
நெட் இல்லாமல் ஸ்டுடியோவா? கஸ்டமர் போட்டோ அனுப்புவதே வாட்ஸப்பில்தான்.

பொருநைக்கரை:
இரண்டு பேருமே கார்டைத் தள்ளிவிட்டீர்கள். நாளைக்கு ரேம் தூக்கிப் போடுகிற பொருள், கார்டு அப்படியா? கழற்றி அடுத்த சிஸ்டத்தில் மாட்டிக்கொள்ளலாம். ஆல்பம் செய்கிறவரிடம் ஹைலைட்ஸ் வீடியோவும் கேட்கத்தான் போகிறார்கள். பழைய ஜிடிஎக்ஸ் 1650 ஒன்று கிடைத்தால் வீடியோ வெளியே எடுக்கும் பாரத்தை அதுவே சுமக்கும். ஆர்எக்ஸ் 6400 மலிவு என்று போய்விடாதீர்கள், அதில் அந்த வேலையைச் செய்கிற என்கோடரே கிடையாது. ஆன்லைனில் நம்பமுடியாத விலைக்கு வருகிற '4 ஜிபி கார்டு'களில் பாதி, பழைய சிப்புக்குப் புதுப் பெயர் ஏற்றினது. வாங்கினதும் ஜிபியு-இசட் என்கிற சோதனை சாஃப்ட்வேரைப் போட்டுப் பாருங்கள், போலி என்றால் பெரும்பாலும் அதுவே காட்டிவிடும்.

பாளைக்காரன்:
வீடியோ அவர் கேட்கவே இல்லையே வே. கேட்டது ஷீட் நிற்கிறதுக்கு மருந்து. சரி, கார்டு மாட்டணும் என்றே வைத்துக்கொள்வோம், எஸ்எம்பிஎஸ், அதான் உள்ளே கரண்ட் கொடுக்கிற பெட்டி, என்னவென்று யாராவது கேட்டீர்களா? தம்பி, கேபினெட்டைத் திறந்து லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்ப் என்று பார்த்துச் சொல். எச்61 போர்டுகளில் சிலது, போர்டைத் துவக்குகிற பயாஸ் சாஃப்ட்வேர் பழசாக இருந்தால், புதுக் கார்டுக்குத் திரையே வராது, அதையும் கடைக்காரரிடம் மாட்டிக் காட்டச் சொல்லித்தான் வாங்கணும்.

அம்பை ஸ்டுடியோ:
64 பிட்தான் அண்ணாச்சி. எஸ்எம்பிஎஸ் மேலே 450 வாட் என்று பெரிதாகப் போட்டிருக்கிறது, 12 வோல்ட்டுக்கு நேரே 14 ஆம்ப்.

பாளைக்காரன்:
14 ஆம்ப் என்றால் 168 வாட். அந்த 450 வெறும் ஸ்டிக்கர். பிராசசர் 77, பொருநைக்கரை சொல்கிற கார்டு 75, ஃபேனும் டிஸ்கும் தனி. எங்கள் ஊர்ப் பக்கம் சாயங்காலம் வோல்டேஜ் ஆடுகிற ஆட்டத்தில் இதை நம்பிக் கார்டு மாட்டச் சொல்ல எனக்கு மனசு வராது.

பொருநைக்கரை:
அதற்கென்ன, நல்ல எஸ்எம்பிஎஸ்ஸும் சேர்த்து வாங்குவது. அதுவும் அடுத்த சிஸ்டத்துக்குப் போகும்.

தென்காசிச் சாரல்:
ரேம், கார்டு, எஸ்எம்பிஎஸ். கூட்டிப் பாருங்கள், நான் சொன்ன எட்டாம் தலைமுறை விலை வந்துவிடும்.

அம்பை ஸ்டுடியோ:
இப்போதைக்கு ரேம் மட்டும் வாங்குகிறேன். வண்ணாரப்பேட்டையில் பழசு இருக்கிறதாம், வேகம் 1600 என்று போட்டது, ஒரே கம்பெனி ஜோடி. தை முடிந்து கையில் காசு நின்றால் சாரல் அண்ணனைத்தான் கேட்பேன்.