தபூரிதா: வேட்டுச் சத்தம் கேட்டா பட்டனை அமுக்குறது?

மூன்றாம்கண்: தபூரிதான்னா குதிரைக்காரங்க வரிசையாப் பாய்ஞ்சு வந்து ஒண்ணா துப்பாக்கி வெடிக்கிற மொராக்கோ ஆட்டம். அதைப் படம் எடுக்கப் போறவங்களுக்குன்னு ஒரு குறிப்பு சுத்திக்கிட்டு இருக்கு: "தபூரிதாவில் ஷட்டரை 1/4000 நொடியில் வைத்து, வேட்டுச் சத்தம் கேட்டதும் அமுக்குங்கள். தீப்பிழம்பு கிடைக்கும்." இதை எழுதின புண்ணியவான் ஒலி பாடம் நடந்த அன்னிக்கு லீவா? குதிரை வரிசை 100 மீட்டர்ல இருந்தா சத்தம் வந்து சேரவே 0.3 செகண்ட். கேட்டு விரல் அசைய இன்னொரு 0.2. பந்தல் பிரிக்கிறப்ப போய் தாலி கட்டுற படம் எடுக்கலாம்ங்கிறாரு.

வழிப்போக்கன்77: அந்தப் புண்ணியவான் நான்தான். கேனான் ஆர்6 மார்க் 2ல ரா பர்ஸ்ட் மோடு செகண்டுக்கு 30 பிரேம் ஓடும். பாதி அமுக்கி வச்சிருந்தா முந்தின அரை செகண்டையும் சேத்து எழுதிடும், ப்ரீ ஷூட்டிங்னு பேரு. இந்தக் காலத்துல சத்தம் கேட்டு அமுக்கலாம். கேமரா தெரிஞ்சவங்களுக்கு எழுதினது அது.

மூன்றாம்கண்: 0.3ம் 0.2ம் எவ்வளவு சார்? அரை. அரைக்கு அரை போனா கையில என்ன நிக்கும்? அதுவும் உங்க குறிப்புல ப்ரீ ஷூட்டிங்னு ஒரு எழுத்து இல்ல. 1/4000ன்னு மட்டும் கொட்டை எழுத்துல இருக்கு. இதைக் கேளுங்க. 20 பிரேம் ஓடுற கேமராவுல 1/2000 வச்சா, ஒரு செகண்டுல ஷட்டர் திறந்திருக்கிறது நூத்துல 1 பங்கு. 1/250 வச்சா 8 பங்கு. 1/4000க்கு அரைப் பங்கு. தீ அகப்படுறது 1/250லதான்.

வழிப்போக்கன்77: 1/250ல பாய்ச்சல் குதிரையா! கால் நாலும் களியாப் போயிடும்.

மூன்றாம்கண்: நேரா உங்களைப் பாத்து வர்ற குதிரை. 50 கிலோமீட்டர் வேகம்னா செகண்டுக்கு 14 மீட்டர். 1/250ல அஞ்சரை சென்டிமீட்டர், அதுவும் உங்க பக்கமா. உடம்பு, முகம், துப்பாக்கி கலங்காது. குளம்பு கொஞ்சம் கலங்கும், கலங்கட்டும். பக்கவாட்டுல நின்னு எடுக்கிறவருக்குத்தான் அந்தப் பயம். பக்கவாட்டுல நின்னா முதல் ஆள் மட்டும்தான் தெரியும், மத்த பதினாலு பேரும் அவர் முதுகுக்குப் பின்னால. வரிசையே அங்க பாதி அழகு.

கணக்குப்பிள்ளை: கணக்கு அரைகுறை. தீ என்ன ஒரு புள்ளியா? அதுக்கும் நீளம் உண்டு. 10 மில்லிசெகண்ட்னு வச்சுக்கோங்க, ஷட்டர் நேரத்தோட அதையும் கூட்டணும். அப்ப 20 பிரேம்ல 1/2000க்கு 21 பங்கு, 1/250க்கு 28. எட்டு மடங்குன்னு குதிச்சீங்க, வித்தியாசம் மூணுல ஒரு பங்கு.

மூன்றாம்கண்: 28 பெருசா 21 பெருசா?

கணக்குப்பிள்ளை: நீங்க சொன்னது எட்டுக்கு ஒண்ணு.

மூன்றாம்கண்: 28 பெருசா 21 பெருசான்னுதான் கேட்டேன். போன மாசம் மீன்கொத்தி இழையிலயும் இதே மாதிரிதான் தசமப் புள்ளி எண்ணிக்கிட்டு இருந்தீங்க.

செம்மண்புழுதி: மத்தியான வெயில்ல தீ எங்கய்யா கண்ணுக்குத் தெரியும்? படம் புகைதான். சாயங்காலம் சூரியன் அவங்களுக்குப் பின்னால இருக்கணும், அப்பதான் கருமருந்துப் புகை பொன்னா எரியும். அவங்க போடுற வெள்ளை ஜெல்லாபா அங்கி வெளுத்துப் போகாம இருக்க எக்ஸ்போஷரை 0.7 ஸ்டாப் குறைச்சு வை. எல்-ஜதீதா பக்கம் மூலாய் அப்துல்லா மூசெம் திருவிழா ஆகஸ்ட்ல, குதிரைக் கண்காட்சி அக்டோபர்ல. புழுதிக்கு நடுவுல லென்ஸ் கழட்டுற வேலை வேண்டாம்.

மூன்றாம்கண்: புகை வேணும்னா சத்தம் கேட்டே அமுக்குங்க, யார் கேட்டா? குறிப்புல இருந்த வார்த்தை தீப்பிழம்பு. தீப்பிழம்பு. சத்தத்தை நம்பாதீங்க. வரிசை நடுவுல வர்ற தலைவர், முகத்தம், அவர் குரல் கொடுப்பார். குழல் எல்லாம் ஒண்ணா அசையுற நொடியிலயே அமுக்கிப் பிடிச்சிடணும். பந்திக்கு மட்டுமில்ல, வேட்டுக்கும் முந்தணும். போகஸ் புள்ளி அவர் மேலேயே, டிராக்கிங் மந்தமா. இல்லன்னா புகை எழும்பினதும் கேமரா புகையைப் பிடிச்சுக்கும்.

அரபிக்கடல்: தலைப்பே தப்பு. உலகம் முழுக்க இதுக்கு ஃபன்டாசியான்னுதான் பேரு.

செம்மண்புழுதி: அது வெள்ளைக்காரன் வச்ச பேரு. பிரெஞ்சு ஓவியர் டெலக்ரோவா 1832ல மொராக்கோ போயிட்டு வந்து வரைஞ்சு தள்ளினதுல பரவினது. யுனெஸ்கோ 2021ல பண்பாட்டு மரபுப் பட்டியல்ல சேத்தப்ப தபூரிதான்னுதான் எழுதிச்சு. பாரூத்னா கருமருந்து, பேரு அதுலருந்து வந்தது.

அரபிக்கடல்: யுனெஸ்கோ வந்துதான் பேரு வைக்கணுமா? நல்லாருக்கு.

வழிப்போக்கன்77: 15லருந்து 25 பேர், ஒற்றைப்படையா ஒரு அணி. அத்தனை துப்பாக்கியும் ஒரே நொடியில வெடிக்கணும்ங்கிறது குறிக்கோள். நடைமுறையில முன்ன பின்ன ஆகும், அதனால தீ கிடைக்க வாய்ப்பு அதிகம். 1/4000 போதும்.

மூன்றாம்கண்: முன்ன பின்ன வெடிச்சா அந்த ஓட்டம் சொதப்பல். சொதப்பலை எடுக்கவா விமானம் ஏறுறது? இன்னொண்ணு. உங்க 30 பிரேம் மின் ஷட்டர்ல ஓடுது. சென்சார் வரிவரியா படிக்கிறதுல தீ பாதி வெட்டுப்பட்டு வரும். அதைச் சொன்னீங்களா? சோனி ஏ9 மார்க் 3 மாதிரி சென்சார் முழுசையும் ஒரே நேரத்துல படிக்கிற குளோபல் ஷட்டர் வச்சிருக்கவனுக்குத்தான் அந்தத் தொல்லை இல்ல.

அரபிக்கடல்: ட்ரோன் வச்சு மேலருந்து எடுத்தா இந்தச் சண்டையே வராது.

செம்மண்புழுதி: அனுமதி இல்லாம கொண்டுபோனா சுங்கத்துல வாங்கி வச்சுக்குவான். குதிரை மிரண்டா யார் பொறுப்பு?

அரபிக்கடல்: துப்பாக்கிச் சத்தத்துக்கு மிரளாத குதிரை ட்ரோனுக்கு மிரளுமாக்கும்.

செம்மண்புழுதி: வேட்டுக்குப் பழக்கினாங்க, வானத்துல ரீங்காரத்துக்கா பழக்கினாங்க? அப்புறம் ஒண்ணு, ஓட்டம் முடியுற எல்லைக்கு நேர் எதிர்ல நிக்காதீங்க. ஓரமா, தடுப்புக்கு வெளிய, 200லருந்து 400 மி.மீ. வரைக்கும் லென்ஸ், அப்பர்ச்சர் எஃப் 8. அந்த வேகத்துல வர்றது கடைசி சில மீட்டர்ல நிக்கணும், ஒரு குதிரை நிக்காம வந்தாலும் வம்பு.

வழிப்போக்கன்77: குறிப்பைத் திருத்திட்டேன். 1/3200.

மூன்றாம்கண்: 1/3200க்கு நூத்துல எத்தனை பங்குன்னு கணக்குப்பிள்ளையே சொல்லட்டும்.

கணக்குப்பிள்ளை: தீயோட நீளத்தையும் கூட்டியா, கூட்டாமலா?