கல்லுப்பில் மின்சாரம் பாய்கிறது, பாயக் கூடாதே?

கேள்வி: பிளஸ் 2 மாணவன், வாலிநோக்கம் பக்கம்

அயனிச் சேர்மங்கள் திண்ம நிலையில் மின்சாரத்தைக் கடத்தா. உருகினால் அல்லது நீரில் கரைந்தால்தான் கடத்தும் என்று படித்திருக்கிறோம். அறிவியல் கண்காட்சிக்காக 9 வோல்ட் பேட்டரி, எல்.இ.டி. விளக்கு, ஒரு மின்தடை, இரண்டு பென்சில் கரிக்குச்சிகள் வைத்துச் சுற்று அமைத்தேன். உப்புக் கரைசலில் நன்றாக எரிகிறது. உப்பளத்தில் வாங்கிய கல்லுப்புக்குள் குச்சிகளைச் செருகினாலும் மங்கலாக எரிகிறது! பாக்கெட் தூள் உப்பில் எரியவில்லை. வயரை மாற்றியும் பயனில்லை.

பதில்: முன்னாள் மாணவர்

உப்பு ஈரம். வெயிலில் காயவையுங்கள்.

கேட்டவர்

காயவைத்தேன் அண்ணா. மதியம் எரியவில்லை, மறுநாள் காலையில் மறுபடியும் எரிகிறது.

பதில்: உப்பளத்துக்காரர்

தம்பி, பாத்தித் தண்ணீர் 25 டிகிரி போமே (வெப்பம் அல்ல, உப்புநீரின் அடர்த்தியைக் காட்டும் அளவு) அளவுக்கு வந்தால் உப்பு விளையத் தொடங்கும். 29, 30 வரை ஏறிவிட்டால் கசப்புத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். விட்டுவைத்தால் மக்னீசியமும் சேர்ந்து இறங்கும். உங்களுக்குக் கிடைத்தது கழுவாத உப்பு. நாக்கில் வைத்தால் கடைசியில் கசக்கும், பாருங்கள்.

பதில்: வேதியியல் ஆசிரியர்

விடை அந்தக் கசப்பில்தான் இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் சோடியம் குளோரைடு அந்த ஈரத்தை இழுத்து நீர் கசியும். மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். மக்னீசியம் அயனி சிறியது, மின்சுமையோ இரண்டு. ஆறு நீர் மூலக்கூறுகளை இழுத்துத் தன்னைச் சுற்றி நிறுத்திக்கொள்ளும். நம் கரையின் இரவுக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? படிகங்களின் மேல் மெல்லிய உப்புநீர்ப் படலம் படிகிறது. அயனிகள் நகர்வது அதில்தான். படிகத்துக்குள் ஒன்றும் அசையவில்லை. அங்கே ஒவ்வொரு சோடியம் அயனியையும் ஆறு குளோரைடு அயனிகளும், ஒவ்வொரு குளோரைடையும் ஆறு சோடியமும் சூழ்ந்து பிடித்திருக்கின்றன. அந்தக் கட்டு குலைந்து உருக 801 டிகிரி செல்சியஸ் வேண்டும். புத்தகத்தின் மேல் பழி போடாதீர்கள்.

ஈரம் போக உப்பை வறுக்க வேண்டும். அதற்கு முன் கழுவுங்கள், ஆனால் வெறும் தண்ணீரில் அல்ல. 100 கிராம் தண்ணீரில் சுமார் 36 கிராம் உப்புதான் கரையும். தூள் உப்பை அதற்கு மேலும் போட்டுக் கலக்கி, தெளிந்த தெவிட்டிய கரைசலை எடுத்துக் கல்லுப்பை அலசுங்கள். சோடியம் குளோரைடுக்கு அதில் இடமில்லை. மக்னீசியம் குளோரைடு மட்டும் கரைந்து போகும். வடித்து, மிதமான தீயில் மூடி போட்டு வறுங்கள். படிகங்களுக்குள் சிக்கிய நீர் ஆவியாகும்போது படபடவென்று வெடிக்கும், முகத்தை அருகில் கொண்டுபோகாதீர்கள். ஆறியதும் இறுக்கமான பாட்டிலில் அடையுங்கள். திறந்து வைத்தால் நம் ஊரில் தூய உப்பும் கசிந்துவிடும்.

கேட்டவர்

நன்றி சார். உப்பை அடுப்பில் உருக்கியும் காட்டலாமா?

ஆசிரியர்

வேண்டவே வேண்டாம். அந்த வெப்பம் சமையலறை வேலையல்ல. கரைசலே போதும், அதையும் நெடுநேரம் இணைத்து வைக்காதீர்கள், நேர்மின்வாயில் குளோரின் வாயு வெளிவரும். சன்னல் திறந்திருக்கட்டும்.

கேட்டவர்

கழுவி, வறுத்து, மூடி வைத்த உப்பில் காலையிலும் விளக்கு எரியவில்லை. கழுவாததையும் பக்கத்தில் வைக்கப்போகிறேன்.

உப்பளத்துக்காரர்

கழுவாததை முந்தைய இரவே வெளியில் திறந்து வைத்து, விடிந்ததும் டப்பாவில் மூடி எடுத்துப் போங்கள் தம்பி. கண்காட்சி மதியம் நடந்தால் காய்ந்துபோய் அதுவும் எரியாது.