அம்மாவின் பித்தளைக் குடத்தில் நீரூற்று: கப்பி மீன்கள் ஏன் சாகின்றன?

சுங்கை ஆரா மகள்:
வணக்கம். பினாங்கு சுங்கை ஆராவில் தரைவீடு. அம்மா காலமான பிறகு அவருடைய பித்தளைக் குடத்தை மூலையில் போட்டு வைக்க மனம் வரவில்லை. தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசைவீட்டில்) இருந்த காலத்தில் பொதுக்குழாயிலிருந்து அதில்தான் தண்ணீர் பிடித்து வருவார். அதைக் கொண்டே வாசலில் ஒரு சிறிய நீரூற்று அமைத்திருக்கிறோம். கீழே சிமெண்டுத் தொட்டி, அதன் ஓரத்தில் செங்கல் மேடை, மேடைமேல் சற்றே சாய்ந்தபடி குடம். தொட்டிக்குள் இருக்கும் பம்பு தண்ணீரைக் குடத்துக்குள் ஏற்றுகிறது. குடம் நிரம்பி வாய் வழியாக வழிகிறது.

கொசுப் புழு வரக்கூடாது என்று கப்பி மீன்கள் விட்டோம். செத்துப் போகின்றன. மறுபடி வாங்கி விட்டாலும் அதே கதை. இரவெல்லாம் நன்றாகத்தான் நீந்துகின்றன. காலையில் பம்பைப் போட்டால் மதியத்துக்குள் மிதக்கின்றன. (அடுத்த வீட்டுப் பெரியவரின் தூக்கம் கெடக்கூடாது என்று இரவில் பம்பை நிறுத்திவிடுவோம்.) தண்ணீரில் பாசியில்லை, நாற்றமில்லை, அடித்தரை பளிச்சென்று தெரிகிறது. செடியோடு ஒட்டிவந்த நத்தைகள் மட்டும் மீன்களுக்கு முன்பே செத்துவிட்டன. குடத்தை வெள்ளிக்கிழமைதோறும் புளி போட்டுத் தேய்த்துவிடுகிறேன்.

“மீனே வேண்டாம்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். எங்கள் தாமானில் (குடியிருப்பில்) டிங்கிக் காய்ச்சலுக்காகக் கொசுப் புகையடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

பட்டர்வொர்த் கொத்தனார்:
புதுச் சிமெண்டுதான் காரணம், தங்கச்சி. புதுத் தொட்டியிலிருந்து சுண்ணாம்பு கசியும், தண்ணீரில் காரம் ஏறும், மீன் தாங்காது. தொட்டியை நிரப்பி, வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவிட்டு வடித்துவிடுங்கள். இரண்டு மூன்று முறை செய்தால் சரியாகிவிடும்.

சுங்கை ஆரா மகள்:
நன்றி அண்ணா. வாழைத்தண்டு வைத்தியத்தை ஆரம்பத்திலேயே அப்பா செய்துவிட்டார். காரமா புளிப்பா என்று காட்டும் பி.எச். தாளை நனைத்துப் பார்த்தேன், நடுநிலையான 7க்குப் பக்கத்தில்தான் காட்டுகிறது.

மீன்தொட்டிக்காரர்:
அப்படியானால் சிமெண்டை விட்டுவிடலாம். நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது, அம்மா. நத்தை முதலில் சாகிறது, பாசி பிடிக்கவே மாட்டேன் என்கிறது, பம்பைப் போட்ட பிறகே மீன் சாகிறது. மூன்றும் ஒரே ஆளைக் காட்டுகின்றன: தாமிரம்.

பித்தளை என்பது தாமிரமும் துத்தநாகமும் கலந்தது. இரவு முழுக்கக் குடத்துக்குள் தேங்கும் தண்ணீரில் இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகின்றன. காலையில் பம்பு ஓடியதும் அவ்வளவும் தொட்டிக்குள் இறங்குகிறது. நத்தையைக் கொல்லவும் பாசியை ஒழிக்கவும் தாமிரச் சேர்மங்களைத்தான் மருந்தாகவே விற்கிறார்கள். உங்கள் தொட்டி பளிச்சென்று இருப்பதில் நான் சந்தோஷப்பட மாட்டேன். அதிலும் உப்புச்சத்துக் குறைந்த மென்னீரில் தாமிரத்தின் நஞ்சு கூடுதலாக வேலை செய்யும். மழைநீர் மென்னீர்தான், பினாங்கு மழைக்குத் தொட்டியில் எவ்வளவு சேரும் என்று சொல்லவே வேண்டாம்.

புளி வேறு. பித்தளையில் படியும் களிம்பு ஓரளவுக்காவது உலோகத்துக்கு மூடியாக இருக்கும். வெளிப்புறத்தைத் தேய்ப்பதில் கெடுதல் இல்லை. வாய்க்குள் கையை விட்டுத் தேய்த்தால், வாரந்தோறும் அந்த மூடியைக் கழற்றிப் புது உலோகத்தைத் தண்ணீருக்குக் கொடுக்கிறீர்கள்.

சோதித்துப் பார்க்க வழி: தொட்டியைக் கழுவிப் புதுத் தண்ணீர் விடுங்கள். குழாய்நீரில் குளோரின் இருக்கும், அதற்கான சொட்டு மருந்தை மறக்காதீர்கள். பம்புக் குழாயைக் குடத்துக்குள் விடாமல் நேராகத் தொட்டியிலேயே ஓடவிடுங்கள். மீன் பிழைத்தால் குற்றவாளி குடம்தான்.

சுங்கை ஆரா மகள்:
செம்புப் பாத்திரத்துத் தண்ணீர் உடம்புக்கு நல்லது என்றுதானே அம்மா சொல்லுவார்?

மீன்தொட்டிக்காரர்:
நாம் ஒரு குவளை குடித்துவிட்டுப் போகிறோம். மீன் அதே தண்ணீரைச் செவுள் வழியாக நாள் முழுக்க இழுத்துவிடுகிறது. இரண்டும் ஒன்றாகாது.

சுங்கை ஆரா மகள்:
நீங்கள் சொன்னபடியே ஓடவிட்டேன் ஐயா. மீன்கள் உயிரோடு இருக்கின்றன. ஆனால் குடம் இப்போது சும்மா படுத்திருக்கிறது. உள்ளே எபாக்சிப் பிசின் பூசலாம் என்கிறார் தம்பி. கழுத்துக்குள் அம்மா கைபட்ட ஒடுக்குகள் இருக்கின்றன. அதன்மேல் எதையும் பூசவோ துளை போடவோ மாட்டேன்.

பழைய வயர்மேன்:
பூசவே வேண்டாம், அக்கா. குடத்தின் அடிக்குப் பின்னால் வளைத்து, கழுத்துக்குக் கீழே ஒரு மெல்லிய ரப்பர்க் குழாயைக் கொண்டுவந்து, வாயின் கீழ்விளிம்போடு முடித்துவிடுங்கள். முன்னால் நின்று பார்ப்பவருக்கு நீர் குடத்திலிருந்தே விழுவதாகத் தெரியும். பித்தளையில் தண்ணீர் தங்காது.

ஒரே ஒரு எச்சரிக்கை. இனிக் காலியாகக் கிடக்கும் குடத்தில் மழைநீர் தேங்கினால் டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு அங்கேதான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரமே போதும். அந்த மூலைக்கு மீன் எட்டாது. சுகாதார அதிகாரிகள் வந்து பார்த்தால், நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம் விதிக்கலாம். நினைவுச்சின்னம் என்று சொன்னால் கேட்க மாட்டார்கள். ஆகவே அடிப்பக்கம் உயர்ந்து வாய் தாழ்ந்து இருக்கட்டும். ஒரு குவளை தண்ணீரை உள்ளே ஊற்றிப் பாருங்கள், சொட்டு மிச்சமில்லாமல் வெளியே வர வேண்டும். வயிறு அகலம், கழுத்துக் குறுகல் என்பதால் நீங்கள் நினைப்பதைவிட அதிகமாகவே சாய்க்க வேண்டியிருக்கும்.

பம்பு 240 வோல்ட்டா? அந்த இணைப்புக்கு 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் மின்கசிவுக் காப்பான் (ஆர்.சி.டி.) இருக்கிறதா என்று பாருங்கள். அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் மின்சாரம் நிற்க வேண்டும். தொட்டிக்குள் கை விடுமுன் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

சுங்கை ஆரா மகள்:
சாய்த்தாகிவிட்டது. நிறையவே சாய்க்க வேண்டியிருந்தது. மேடையில் இன்னொரு வரிசைச் செங்கல் ஏற்றினோம். காப்பான் இருக்கிறது, பொத்தானும் வேலை செய்கிறது. இன்னும் நிறைய மீன் விடலாமா?

மீன்தொட்டிக்காரர்:
அவசரப்படாதீர்கள். சிமெண்டிலும் பழைய தாமிரம் கொஞ்சம் படிந்திருக்கும். பாதித் தண்ணீரை அவ்வப்போது மாற்றுங்கள், பம்பு வாயில் கரித்தூள் பஞ்சு வையுங்கள். முதலில் இரண்டு நத்தைகளை விட்டுப் பாருங்கள். அவை ஊர்ந்து, சுவரில் பச்சையும் பிடிக்கத் தொடங்கினால் கப்பியைத் தாராளமாக விடலாம்.