பொருள்: போரின் ‘ஓபனிங் ஃபேஸ்’ (தொடக்கக் கட்டம்) – தமிழில் என்ன சொல்லலாம்?

பாதுகாப்பியல் பாடநூலில் 2001 ஆப்கானிஸ்தான் போர் அத்தியாயம் வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. ‘முதற்கட்டத் தாக்குதல்’ என்று போட்டிருக்கிறேன். சரிதானா?
– செ.

> முதற்கட்டத் தாக்குதல்

‘தாக்குதல்’ பொருந்தாது ஐயா. அக்டோபர் 7 இரவு குண்டு விழுமுன்பே, செப்டம்பர் 26இல் அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏவின் குழு பஞ்ச்ஷீர் பள்ளத்தாக்கில் இறங்கிவிட்டது. தலிபானை எதிர்த்துப் போரிட்ட வடக்குக் கூட்டணியின் தளபதிகளுக்குப் பணம் கொடுத்ததும், தலிபான் அரண்களை ஜிபிஎஸ்ஸில் குறித்ததும் அக்குழுவே. தொல்காப்பியர் போர்த் தொடக்கமான வெட்சித் திணையின் துறைகளில் ‘புடைகெட ஒற்றின் ஆகிய வேயே’ (பக்கத்தார் அறியாமல் ஒற்றர் அறிந்துவரும் செய்தி, ‘வேய்’) என்று உளவறிதலையும் சேர்க்கிறார். ‘வெட்சிக்கட்டம்’ என்போம்.
– நா.

வெட்சி ஆநிரை கவர்தல் அல்லவா? படையெடுப்புக்கு வஞ்சித் திணை உண்டு. ஆனால் அதன் இலக்கணமே ‘எஞ்சா மண்ணசை’, அதாவது தீராத மண்ணாசை. அமெரிக்கா அறிவித்த நோக்கமோ அல்-காய்தா முகாம்களை ஒழிப்பது. ஆகவே வஞ்சியும் ஒட்டாது. தூசிப்படை முன்செல்லும் படை, ‘தூசிக்கட்டம்’ எப்படி?
– கு.

வகுப்பில் ‘தூசி’ என்றால் புழுதிதான் நினைவுக்கு வரும். சொல்லைவிட எல்லையை முதலில் முடிவுசெய்யுங்கள். முதல் இரவு ரேடார், ஏவுகணைத் தளம், விமான ஓடுதளம் ஆகியவற்றை அடித்தார்கள். அவை அடங்கினால்தான் குண்டுவீச்சு விமானங்கள் அஞ்சாமல் பறக்கலாம். நிலையான இலக்குகள் சில நாளில் தீர்ந்துபோயின. பதுங்குகுழியையும் டாங்கியையும் வானிலிருந்து தேடிப்பிடிப்பது கடினம். தரையில் நின்று லேசரால் காட்ட ஆள் வேண்டும். அக்டோபர் 19இல் சிறப்புப் படையினர் இறங்கியது அதற்காகத்தான். என் கணக்கில் கட்டம் மாறுவது அங்கே.
– மு.

ஒரு கிளைக்கேள்வி. முதல் இரவே இரண்டு சி-17 சரக்கு விமானங்கள் 37,500 உணவுப் பொட்டலங்களைப் போட்டன. பொட்டலமும் மஞ்சள், கொத்துக்குண்டிலிருந்து சிதறும் சிறுகுண்டும் மஞ்சள். ஒரு கொத்துக்குண்டில் 202 சிறுகுண்டுகள். வெடிக்காமல் கிடப்பதைக் குழந்தை உணவென்று எடுத்துவிடும். வானொலியில் எச்சரித்தார்கள், பிறகு பொட்டலத்தின் நிறத்தை மாற்றுவதாக அறிவித்தார்கள். ‘சிறுகுண்டு’ என்ற சொல்லையும் அகராதிப் பகுதியில் தயவுசெய்து சேருங்கள்.
– வ.

சேர்க்கிறேன் அம்மா. தலைப்பில் ‘தாக்குதலை’ எடுத்துவிட்டு ‘போரின் முதற்கட்டம்’ என்று அனுப்புகிறேன். மூவர் இதற்கு ஒப்பியிருக்கிறார்கள்.
– செ.

‘முதற்கட்டம்’ தேர்தலுக்கும் தடுப்பூசிக்கும் பொது. போருக்கென்று ஒரு சொல் இருந்தும் அதை விடுகிறோம். ‘வேய்’ மட்டுமாவது அடிக்குறிப்பில் வரட்டும்.
– நா.